மாஸ்டடானும் ஃபெடிவர்ஸும்: சுங்கை சிப்புட் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். பாரம் நிரப்புவது, லேமினேட் செய்வது, ஐசி நகல் எடுப்பது, போனில் எது மாட்டிக்கொண்டாலும் எடுத்துவிடுவது எல்லாம் இங்கேதான். 2022 அக்டோபரில் டுவிட்டரை ஈலோன் மஸ்க் வாங்கியபோது கூட்டத்தோடு கூட்டமாக நானும் மாஸ்டடானுக்குப் போனேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நகல் எடுக்க வருகிறவர்கள் இதையும் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் போட்டிருக்கிறேன். வரிசை ஒழுங்கெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

இது என்ன, முகநூல் மாதிரியா, டுவிட்டர் மாதிரியா?

பார்க்க டுவிட்டர் மாதிரி இருக்கும். எழுதலாம், படம் போடலாம், மற்றவர் எழுதியதைப் பகிரலாம். பகிர்வதற்கு இங்கே பூஸ்ட் என்று பெயர், லைக்குக்கு நட்சத்திரம். ஒரு பதிவுக்கு வழக்கமாக 500 எழுத்து.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. முகநூல் முழுக்க ஒரே கம்பெனியின் ஒரே பெரிய தோட்டம். மாஸ்டடான் அப்படி இல்லை, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தோட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு சர்வர், அதாவது பதிவுகளை வைத்து நடத்தும் ஒரு கணினி, ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகி, தனிச் சட்டதிட்டம். ஆனால் ஒரு தோட்டத்துத் திருவிழாவுக்குப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்துபோகிற மாதிரி, இந்த சர்வரில் இருப்பவர் அந்த சர்வரில் இருப்பவரை ஃபாலோ செய்யலாம், பதில் எழுதலாம். இவற்றுக்கு நடுவே போட்டிருக்கும் சாலைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பு 2018 ஜனவரியில் அதைப் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. மாஸ்டடான் மென்பொருளை எழுதி 2016-இல் வெளியிட்டவர் ஜெர்மனியில் இருக்கும் ஆய்கன் ரோக்கோ. அதே சாலையில் படத்துக்கு பிக்ஸல்ஃபெட், வீடியோவுக்கு பீர்டியூப், விவாதத்துக்கு லெம்மி என்று வேறு வண்டிகளும் ஓடுகின்றன. எல்லாம் சேர்ந்ததுதான் ஃபெடிவர்ஸ்.

அப்படியென்றால் இங்கே துரை யார்?

இதைக் கேட்டவர் வயதானவர், எல்மினா பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து மேலாளரைத்தான் துரை என்பார்கள். கேள்வி சரியான கேள்வி. எந்த சர்வரில் சேர்கிறீர்களோ அதன் அட்மின்தான் உங்களுக்குத் துரை. உங்கள் கணக்கை மூட அவரால் முடியும், வேறொரு சர்வரோடு தொடர்பை வெட்டவும் முடியும்.

ஆனால் துரை பிடிக்காவிட்டால் சாமானைக் கட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகலாம், உங்களை ஃபாலோ செய்கிறவர்களும் கூடவே வருவார்கள். முகநூலில் இது நடக்காது.

எல்லா சர்வரும் தனி ஆளின் கையில் இல்லை. சோஷல்.கூப் என்ற சர்வரை அதன் உறுப்பினர்களே சந்தா கட்டிக் கூட்டுறவாக நடத்துகிறார்கள், முடிவுகளுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனபோது, தொழிலாளிகளின் காசைச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்குவோம் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர்தானே. சர்வரும் நிலம் மாதிரிதான், யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

எந்த சர்வரில் சேர்வது?

பெயர் அழகாக இருக்கிறது என்று சேராதீர்கள். மூன்று விஷயம் பார்த்தால் போதும்: எத்தனை வருடமாக ஓடுகிறது, அட்மின் ஒருவரா பலரா, செலவுக்குக் காசு எங்கிருந்து வருகிறது. மாஸ்டடானின் தளத்தில் இருக்கும் பட்டியலில் சேர ஓர் உடன்படிக்கை வைத்திருக்கிறார்கள். தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், அவசரத்துக்கு இன்னொருவரிடமும் சாவி இருக்க வேண்டும், மூடுவதாக இருந்தால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் இருந்து எடுப்பது புத்திசாலித்தனம். நான் எடுக்கவில்லை.

உங்கள் சர்வரே மூடிப்போய்விட்டதாமே?

ஆமாம், யார் சொன்னது என்று தெரியும்.

என் முதல் சர்வரை ஐரோப்பாவில் ஒரே ஒரு ஆள் தன் கைக்காசில் நடத்திக்கொண்டிருந்தார். 2023 ஆரம்பத்தில், வேலைப்பளு தாங்கவில்லை, மூன்று வாரத்தில் மூடுகிறேன் என்று அறிவிப்புப் போட்டார். எனக்கு அப்போது தைப்பூச வேலை. பந்தல் நோட்டீஸ், பேனர், நன்கொடை ரசீதுப் புத்தகம் என்று கடையில் தலைக்கு மேல் கிடந்தது, மாஸ்டடானைத் திறக்கவே இல்லை. எல்லாம் முடிந்து ஒருநாள் இரவு போனை எடுத்துப் பார்த்தால் வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு பிழைச் செய்தி. அறுநூறு பதிவுக்கு மேல் போனது. நூற்றைம்பது பேர் ஃபாலோ செய்துகொண்டிருந்தார்கள், அவர்களும் போனார்கள். ஏனென்றால் இடம் மாறுவதற்குப் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். புதிய கணக்கில் பழைய கணக்கின் பெயரைப் பதிந்துவிட்டு, பழைய கணக்கிலிருந்து 'மாற்று' என்று அழுத்தினால்தான் ஆட்கள் கூட வருவார்கள். செத்த வீட்டிலிருந்து யாருக்கும் கடிதம் அனுப்ப முடியாது.

அந்த அட்மின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று மாதம் ஓசியில் குடியிருந்தேன், ஒரு காசு அனுப்பியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: மாதம் ஒருமுறை, சம்பள நாளன்று வைத்துக்கொள்ளுங்கள், செட்டிங்ஸில் ஏற்றுமதி என்ற இடத்துக்குப் போய், நீங்கள் ஃபாலோ செய்கிறவர்களின் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கி வையுங்கள். அதைப் புதிய சர்வரில் ஏற்றிவிடலாம். எழுதியதெல்லாம் வேண்டுமென்றால் முழு ஆவணத்தையும் கேட்டு வாங்கலாம், ஏழு நாளுக்கு ஒரு தடவை தருவார்கள். ஒன்று, இடம் மாறினாலும் பதிவுகள் கூட வராது, ஆட்கள் மட்டும்தான் வருவார்கள். அந்த ஆவணம் உங்கள் பீரோவில் வைத்துப் பார்க்கத்தான்.

சேர்ந்து ஒரு வாரம் ஆச்சு. யாருமே இல்லை. ஒரு லைக் கூட வரவில்லை. செத்த இடமா?

எல்லாருக்கும் வரும் கேள்வி, எனக்கும் வந்தது. 2022 கடைசியில் மாதம் 2 மில்லியன் பேருக்கு மேல் மாஸ்டடானைப் பயன்படுத்தினார்கள், அப்புறம் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. திரும்பிப் போனவர்களில் நிறையப் பேர் சொன்னது இதைத்தான்.

முகநூலில் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், அல்காரிதம் தானே ஆளைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் உட்கார வைக்கும், உங்களையும் யார் முன்னாலாவது உட்கார வைக்கும். இங்கே அதைச் செய்ய ஆள் இல்லை. நீங்கள் ஃபாலோ செய்தவர்கள் எழுதியதும் பூஸ்ட் செய்ததும் மட்டும், நேர வரிசையில் வரும். யாரையும் ஃபாலோ செய்யாவிட்டால் ஒன்றும் வராது. புதிய தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் யார் வந்து தட்டுவார்கள்?

முதல் வாரத்தில் சொந்தப் பதிவைக் குறைத்துக்கொண்டு மற்றவர் பதிவுக்குப் போய்ப் பதில் எழுதுங்கள். 'அருமை' என்று எழுதி விரலை மட்டும் காட்டிவிட்டு வராமல், ஒரு கேள்வி கேளுங்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள். உங்களை அறிமுகப்படுத்தி ஒரு பதிவு எழுதி அறிமுகம் என்ற ஹேஷ்டேக் போட்டு, சுயவிவரத்தின் மேலே ஒட்டி வையுங்கள். புதிதாக வருகிறவர் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஃபாலோ செய்வார். படமும் இல்லை, ஒரு வரி விவரமும் இல்லை என்றால் கள்ளக் கணக்கு என்று போய்விடுவார். ஹேஷ்டேக்கையும் ஃபாலோ செய்யலாம், அது பெரிய வசதி. தோட்டம், சமையல், பறவை, பழைய கேமரா என்று உங்களுக்குப் பிடித்த ஐந்தாறை ஃபாலோ செய்தால் ஒரே நாளில் பக்கம் நிறைந்துவிடும்.

நேரமும் முக்கியம். அங்கே ஐரோப்பியர்கள் அதிகம். நாம் காலை ஆறு மணிக்குப் பசியாறிக்கொண்டே போடுகிற பதிவு ஜெர்மனியில் நடு இரவில் விழுகிறது, காலையில் அவர்கள் எழுந்திருப்பதற்குள் ஆயிரம் பதிவுக்கு அடியில் போய்விடும். இரவு ஒன்பதுக்குப் போட்டுப் பாருங்கள், அவர்களுக்கு மதியம்.

என் போனில் இரண்டு நட்சத்திரம் காட்டுகிறது, மகள் போனில் அதே பதிவுக்குப் பதினான்கு காட்டுகிறது. ஏன்?

நீங்கள் இருவரும் வேறு வேறு சர்வர். ஒரு பதிவுக்கு விழும் நட்சத்திரம் அந்தப் பதிவை எழுதியவரின் சர்வருக்குத்தான் போய்ச் சேரும். உங்கள் சர்வருக்குத் தன் ஆட்கள் போட்டதுதான் நிச்சயமாகத் தெரியும். எழுதியவருக்கு முழுக் கணக்கும் தெரியும். உங்கள் மகள் எழுதியவரின் சர்வரில் இருக்கிறாள் போலிருக்கிறது.

பதில்களும் சில சமயம் இப்படி விட்டுப்போகும். அடியில் நாலு பதில்தான் இருக்கிறதே என்று நீங்கள் எழுதுவீர்கள், அதே பதிலை ஒன்பது பேர் ஏற்கெனவே எழுதியிருப்பார்கள். சந்தேகமாக இருந்தால் மூலப் பக்கத்தில் திற என்பதை அழுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஹேஷ்டேக்கில் தேடும்போதும் இதே கதை. உங்கள் சர்வரில் இருக்கும் யாராவது ஒருவர் ஃபாலோ செய்கிற ஆட்களின் பதிவுதான் பெரும்பாலும் உங்கள் சர்வருக்கு வந்து சேரும். சின்ன சர்வரில் 'தமிழ்' என்று தேடினால் ஆறு பதிவு, பெரிய சர்வரில் தேடினால் அறுபது. அதனால்தான் இங்கே பூஸ்டுக்கு இவ்வளவு மதிப்பு. நட்சத்திரம் எழுதியவருக்கு மட்டும் போகும் நன்றி. பூஸ்ட் செய்தால்தான் பதிவு உங்கள் ஆட்களின் சர்வர்களுக்கெல்லாம் பயணப்படும். பிடித்திருந்தால் கஞ்சத்தனம் பார்க்காமல் பூஸ்ட் செய்யுங்கள்.

தமிழில் எழுதலாமா? யார் படிப்பார்கள்?

எழுதலாம், ஹேஷ்டேக்கும் தமிழிலேயே போடலாம், இடைவெளி மட்டும் விடக்கூடாது. தமிழ் ஆட்கள் குறைவு, பொய் சொல்ல மாட்டேன். இருப்பவர்கள் சென்னை, கோவை, யாழ்ப்பாணம், டொராண்டோ என்று சிதறிக் கிடக்கிறார்கள், ஆனால் எழுதியதை முழுக்கப் படித்துவிட்டுப் பதில் எழுதுகிறவர்கள்.

பதிவு எழுதும் பெட்டிக்குக் கீழே மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும், அதில் தமிழ் என்று வையுங்கள். முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதில்லை. ஆங்கிலம் என்று விட்டுவிட்டால், தமிழ்ப் பதிவு மட்டும் வேண்டும் என்று வடிகட்டி வைத்திருப்பவருக்கு உங்கள் பதிவு போகாது, தமிழ் தெரியாதவர் திரையில்தான் போய் நிற்கும்.

எழுத்துக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. 'சுங்கை சிப்புட்' என்பதை நாம் எண்ணினால் இடைவெளியோடு எட்டு. எக்ஸில், அதாவது பழைய டுவிட்டரில், அது பதினைந்து, ஏனென்றால் ககரம் தனி, ஐகாரக் குறி தனி, புள்ளி தனி என்று எண்ணுகிறது. அங்கே நமக்குக் கிடைக்கும் 280 உண்மையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். புளூஸ்கை என்ற இன்னொரு தளத்தில் 300 என்றாலும் நாம் எண்ணுகிற மாதிரியே எட்டு என்றுதான் எண்ணுகிறது.

தட்டச்சுக்குச் செல்லினம் போதும். நம் நாட்டு முத்து நெடுமாறன் செய்தது, வெளியே தேடிப் போக வேண்டியதில்லை.

என்ன போட்டால் ஆள் வரும்?

நான் நினைத்து நினைத்து எழுதிய அரசியல் கருத்துக்கு வந்தது மூன்று நட்சத்திரம். என் பாட்டியின் கத்திக்கு வந்ததைச் சொல்கிறேன்.

பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டும் கத்தி, பாட்டி இறந்த பிறகு அலமாரி மேல் கிடந்தது. பிடி கறுத்து, கட்டைவிரல் படும் இடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கும். அதை ஒருநாள் கடைக் கவுண்டரில் வைத்துப் படம் பிடித்துப் போட்டேன். படவிளக்கம் எழுதும் பெட்டி ஒன்று உண்டு, கண் தெரியாதவர்களுக்குப் போன் படித்துக் காட்டுவதற்கு. முகநூலில் நாம் யாரும் அதைத் தொடுவதில்லை, மாஸ்டடானில் அது இல்லாவிட்டால் பூஸ்ட் செய்யாதவர்கள் இருக்கிறார்கள். சரி என்று உட்கார்ந்து எழுதினேன்: நுனி வளைந்திருக்கிறது, வெட்டும் முனை வி வடிவத்தில் இருக்கிறது, பிடியில் தேய்மானம் இந்தப் பக்கம், அப்படியானால் பாட்டி இப்படித்தான் பிடித்திருப்பார். எழுத எழுதத்தான் நானே அந்தக் கத்தியைப் பார்த்தேன்.

இரவுக்குள் கோட்டயத்திலிருந்து ஒருவர் தன் அப்பாவின் கத்தியைப் படம் பிடித்துப் பதிலாகப் போட்டார். அவர்கள் ஊரில் மிக்கி கோலெட்ஜ் என்ற கத்தி, நம்முடையது ஜெபோங். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் முனை வித்தியாசம் தெரிந்தது. அப்புறம் ஒருவர், ஏன் விடியும் முன்பே வெட்ட வேண்டும் என்று கேட்டார். வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரழுத்தம் குறைந்து பால் சுருங்கிவிடும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஏன் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்த்து வெட்டுகிறார்கள் என்று இன்னொருவர். அதற்குச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன், அவர் பதிலைச் சொல்லிவிட்டு, யாருடா இதையெல்லாம் கேட்கிறது என்றார். இரண்டு நாள் ஓடியது. மொத்தம் ஐம்பது நட்சத்திரம்கூட இல்லை, ஆனால் பதில் எழுதிய பதினெட்டுப் பேரில் ஒருவர்கூட வாழ்த்துப் படம் அனுப்பவில்லை.

கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறதே, அரை மணி மோட்டார் பயணம், அதைப் போட்டபோதும் இப்படித்தான் நடந்தது. உங்கள் கையில் இருக்கும், மற்றவர் கையில் இல்லாத பொருளைப் போடுங்கள். காலை வணக்கப் பூ எல்லாரிடமும் இருக்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை பதிவு போட வேண்டும்?

பால்மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். ஆசைப்பட்டுத் தினமும் ஆழமாக வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும். இங்கே தினமும் போடு என்று விரட்டுகிற அல்காரிதம் இல்லை, நாலு நாள் காணாமல் போனால் தண்டனையும் இல்லை. நான் வாரத்துக்கு மூன்று நாலு.

பலகாரம் செய்து விற்கிறேன். இதில் வியாபாரம் ஆகுமா அண்ணே?

ஆகாதும்மா. விளம்பரம் வாங்க இங்கே கடையே கிடையாது, உங்கள் முறுக்கை வாங்குகிறவர்கள் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) முகநூலிலும் இருக்கிறார்கள். அங்கேயே இருங்கள். முறுக்குப் பிழிகிற அச்சைப் பற்றி எழுத ஆசை என்றால் இங்கே வாருங்கள்.

நீலக் குறி வாங்க எவ்வளவு?

காசு இல்லை. உங்களுக்குச் சொந்தமாக வலைத்தளம் இருந்தால் அதில் உங்கள் மாஸ்டடான் பக்கத்துக்கு ஓர் இணைப்பைக் குறிப்பிட்ட விதத்தில் போட்டுவிட்டால், சுயவிவரத்தில் அந்த முகவரி பச்சையாக மாறும். அவ்வளவுதான்.

ரகசியமாகப் பேசலாமா?

வேண்டாம். தனிப்பட்ட செய்தி என்று இருக்கிறது, ஆனால் அது பூட்டுப் போட்ட கடிதம் அல்ல. புலனத்தில் இருப்பது போன்ற முழு மறைகுறியாக்கம் இல்லை, சர்வர் அட்மின் நினைத்தால் படிக்க முடியும்.

இன்னொரு ஆபத்து, இதில் நான் விழுந்தே எழுந்தேன். ஈப்போவில் இருக்கும் மச்சானுக்குத் தனிச் செய்தியில் ஒரு கோயில் கமிட்டிக்காரரைப் பற்றிக் கொஞ்சம் காரமாக எழுதினேன். யாரைச் சொல்கிறேன் என்று தெளிவாக இருக்கட்டுமே என்று அவர் கணக்குப் பெயரை அட் குறியோடு போட்டேன். மாஸ்டடானில் தனிச் செய்திக்குள் யார் பெயரை அப்படிப் போட்டாலும் அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். மறுநாள் காலை கடை திறந்ததும் அவர் வந்தார், கையில் போன். நாலு நகல் எடுத்தார், ஐம்பது காசைக் கவுண்டரில் வைத்தார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கெட்ட வார்த்தை, இனவெறிப் பேச்சு எல்லாம் வருமா?

எங்கே வராமல் இருக்கிறது? ஆனால் இங்கே கையில் கருவி நிறைய. ஒரு ஆளைத் தடுக்கலாம், ஒரு சொல்லை வடிகட்டலாம், ஒரு சர்வரையே உங்கள் கண்ணில் படாமல் தடுக்கலாம். அட்மின் நினைத்தால் அந்த சர்வரோடு மொத்தமாகத் தொடர்பை வெட்டுவார். 2019-இல் கேப் என்ற அமெரிக்க வலதுசாரித் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறி உள்ளே வந்தபோது, சர்வர் சர்வராகக் கதவைச் சாத்தினார்கள். மென்பொருள் திறந்தது, அதை யார் எடுத்துப் போட்டாலும் தடுக்க முடியாது, ஆனால் அவர்களோடு பேச வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை.

புகார் கொடுத்தால் யாரோ எங்கோ இருக்கும் இயந்திரத்துக்குப் போகாமல் உங்கள் அட்மினுக்கே போகும். நல்ல அட்மின் என்றால் சில மணி நேரத்தில் நடவடிக்கை இருக்கும், சோம்பேறி என்றால் வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. தோட்டத்தில் மேற்பார்க்கிற தண்டலைப் பொறுத்துத்தான் மர நிரை.

வெளிநாட்டு சர்வர்தானே, நம் நாட்டுச் சட்டம் நம்மைத் தொடாதல்லவா?

சர்வர் ஜெர்மனியில் இருந்தாலும் நீங்கள் உட்கார்ந்திருப்பது பேராக்கில். 1998-ஆம் ஆண்டு தொடர்புத்துறை பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு எந்தத் தளத்தில் எழுதினாலும் பொருந்தும். இனம், மதம், அரச குடும்பம் மூன்றிலும் வாயைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள், அது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

2025 ஜனவரி 1 முதல் 8 மில்லியன் மலேசியப் பயனர்களுக்கு மேல் வைத்திருக்கும் சமூக ஊடகங்கள் உரிமம் எடுக்க வேண்டும். மாஸ்டடான் சர்வர் எதுவும் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் அது தளத்துக்கான கணக்கு, எழுதுகிறவருக்கு அல்ல.

திரெட்ஸில் இருக்கிறேன், அதுவும் இதுதானே? புளூஸ்கை?

திரெட்ஸ் முகநூலை நடத்தும் மெட்டாவின் தோட்டம், ஆனால் 2024-இலிருந்து வேலியில் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். அங்கே ஃபெடிவர்ஸ் பகிர்வைத் திறந்து வைத்திருப்பவரை மாஸ்டடானிலிருந்து ஃபாலோ செய்யலாம். சில மாஸ்டடான் சர்வர்கள் அந்த வாசலைத் தங்கள் பக்கம் பூட்டி வைத்திருக்கின்றன, உங்கள் சர்வர் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புளூஸ்கை டுவிட்டருக்குள் 2019-இல் தொடங்கிய திட்டம், பிறகு தனியாகப் பிரிந்தது, 2024 பிப்ரவரியில் எல்லாருக்கும் கதவைத் திறந்தது. அதன் சாலையே வேறு, ஏடி புரோட்டோகால் என்று பெயர். மாஸ்டடானோடு நேரடியாகப் பேசாது, நடுவில் பிரிட்ஜி ஃபெட் என்ற பாலத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். சேர்ந்த அன்றே ஆரவாரம் வேண்டுமென்றால் புளூஸ்கைக்குப் போங்கள், தப்பில்லை. என் மகன் அங்கேதான் இருக்கிறான், என்னை ஃபாலோ செய்வதில்லை.

எங்கள் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களுக்கு நாமே ஒரு சர்வர் போடலாமா?

வந்த மூன்று பேரும் உற்சாகமாக இருந்தார்கள், அதனால் மெதுவாகச் சொன்னேன். போடலாம், மென்பொருள் இலவசம். ஆனால் உங்கள் ஐம்பது பேர் ஃபாலோ செய்கிற ஆயிரம் பேர் போடும் பூனைப் படமெல்லாம் உங்கள் சர்வரில்தான் வந்து சேமிக்கப்படும், இடத்துக்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும். அப்டேட் வந்தால் ராத்திரி உட்கார வேண்டும். இருவருக்குள் சண்டை வந்தால் தீர்த்துவைக்க வேண்டும், அவர்கள் இரண்டு பேரும் உங்கள் வகுப்புத் தோழர்கள். 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 114ஏ பிரிவையும் படித்துக்கொள்ளுங்கள். தளத்தை நடத்துகிறவரே அதில் வந்ததை வெளியிட்டவர் என்று எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு.

முதலில் ஓர் ஆண்டு, இருக்கிற சர்வரில் எல்லாரும் சேருங்கள், பள்ளிக்கு ஒரு ஹேஷ்டேக் வையுங்கள். அதற்குப் பிறகும் பத்துப் பேர் எழுதிக்கொண்டிருந்தால் சர்வரைப் பற்றிப் பேசலாம். ஆறு மாதம் ஆகிவிட்டது, இப்போது எழுதுவது நாலு பேர், அதில் ஒருவர் ஆசிரியர்.

முகநூலை விட்டுவிட வேண்டுமா?

ஏன்? சாவுச் செய்தி, கல்யாணப் பத்திரிகை, தண்ணீர் வராத அறிவிப்பு எல்லாம் அதில்தானே வருகிறது. நானும் வைத்திருக்கிறேன்.

கடைக்கு வந்தால் சேர்த்துவிடுவீர்களா?

வாருங்கள், காசு வேண்டாம். திங்கட்கிழமை காலையில் மட்டும் வேண்டாம், பாரம் நிரப்பும் கூட்டம் இருக்கும். போனில் சார்ஜ் இருக்கட்டும், மின்னஞ்சல் கடவுச்சொல்லை வீட்டிலேயே கண்டுபிடித்து எழுதிக்கொண்டு வாருங்கள். போன மாதம் வந்த ஐந்து பேரில் மூன்று பேருக்கு அது தெரியவில்லை. ஒருவருடைய மின்னஞ்சலை 2014-இல் போன் விற்ற கடைக்காரர் திறந்து கொடுத்திருக்கிறார், அந்தக் கடையே இப்போது இல்லை.